வாய் மூடி வாங்கிய பட்டம்

பதினோரு வருஷமாக வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கவே தெரியாது என்கிற விஷயம் அதுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் படித்தவர்களுக்கும் தெரியாது. பாவம், அவர்கள் பாட்டுக்குப் பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, பதவி உயர்வு வாங்கி, போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு பல்கலைக்கழகமே வரவேண்டியிருந்தது.

எங்கள் பயிற்சி மையம் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே நட்டு கழற்றுகிற மெஷின் 'டர்ர்ர்' என்று கத்தும். மேலே நான் அதைவிட ஒரு பிடி உசத்திக் கத்துவேன். ஷிப்டு முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வருகிறவர்கள்தான் மாணவர்கள். கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, கட்டட வாசலில் நிற்கிற காவலாளி ஒருவர், இப்படிப் பல தேசத்து ஆட்கள். இந்தக் கதையில் என் பெண்டாட்டியையும் பாப்பாவையும் தவிர எல்லாரும் பேசுவது இங்கிலீஷில்தான். உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

பெண்டாட்டியும் பாப்பாவும் ஊரில் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு, மீதிக்கெல்லாம் போன்தான். "யாராவது உங்கப்பா எங்கேன்னு கேட்டா, சார்ஜ் போட்டிருக்குன்னு சொல்றா உங்க பொண்ணு" என்று ஒருநாள் அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்ததும் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக மேனேஜரம்மா முன்னால் போய் நின்றேன்.

"குடும்ப விசாவா?" என்று மேனேஜரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "புது விதி வந்திருக்கே, தெரியாதா? மொழி கற்பித்தல்ல முதுகலைப் பட்டம் இருந்தாத்தான் ஆசிரியருக்குக் குடும்பம்."

"பட்டம் இல்லாதவனுக்குக் குடும்பம் இருக்கக் கூடாதா மேடம்?"

"இருக்கலாமே. கூட இருக்கக் கூடாது. அவ்வளவுதான்." என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா மரியாதைக்கெல்லாம் விசா குடுக்க மாட்டாங்க."

வீட்டில் சொன்னேன். "படிச்சிட்டாப் போச்சு. வாத்தியாருக்கு வராத படிப்பா?" என்றாள் பெண்டாட்டி. சேர்ந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் இதுதான்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற படிப்பு அது. பல்கலைக்கழகம் வேறெங்கோ இருந்தது. எனக்கு அது கம்ப்யூட்டர் திரையில்தான் தெரியும். எனக்கென்று ஒதுக்கப்பட்ட பேராசிரியர் முதல் நாள் ஒரு புத்தக அலமாரிக்கு முன்னால் தோன்றினார்.

"வணக்கம் சார்" என்றேன்.

"சாரா? வேண்டாம், வேண்டாம். அதுல அதிகாரம் இருக்கு. நாம ரெண்டு பேரும் சகபயணிகள்" என்றார். அன்றிலிருந்து மனசுக்குள் அவருக்குப் பெயர் சகபயணி.

"ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நான் உங்களுக்கு எதுவும் சொல்லித்தரப் போறதில்லை. சொல்லித்தர்றதெல்லாம் போன நூற்றாண்டு. உங்க கற்றலுக்கு ஒரு இடத்தை ஏற்படுத்தித் தருவேன்."

"அந்த இடம் எங்கே இருக்குங்க?"

"உங்களுக்குள்ளேயே இருக்கு."

"அப்ப ஃபீஸ்?"

"அது எங்களுக்கு" என்று அன்போடு சொல்லிவிட்டு மறைந்தார்.

முதல் பருவம் முழுக்கச் சுயபரிசீலனை. பாடம் எடுத்ததும் அது எப்படிப் போனது, உள்ளுக்குள் என்ன நடந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். 'பாடம் நல்லாப் போச்சு. எல்லாருக்கும் புரிஞ்சது' என்று எழுதினேன். திரும்பி வந்துவிட்டது. 'ஆழம் போதாது. நல்லாப் போனது என்று நீங்கள் நினைப்பதே கவலைக்குரியது' என்று சகபயணி குறிப்பு போட்டிருந்தார். அடுத்த வாரம், 'பாதிப் பேருக்குப் புரியவில்லை' என்று ஒரு பொய்யைச் சேர்த்தேன். மார்க் கொஞ்சம் ஏறியது. அட, விஷயம் இப்படிப் போகிறதா என்று, 'கரும்பலகையைப் பார்த்து நின்றபோது கண்ணில் நீர் முட்டியது' என்று எழுதினேன். மளமளவென்று ஏறியது. கடைசியில், 'இந்தப் பதினோரு வருஷமும் நான் ஆசிரியனாகவே இல்லையோ?' என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினேன். வகுப்பிலேயே முதல் மார்க் அதற்குத்தான். 'அபாரமான வளர்ச்சி!' என்று பாராட்டி, அந்த வரியை எழுதியபோது எப்படி உணர்ந்தேன் என்று இன்னொரு கட்டுரை கேட்டிருந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, எழுதி எழுதி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாடம் எடுக்கும்போது பாதி மனசு, இதை எப்படிச் சோகமாக எழுதலாம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பருவத்தில்தான் என் உண்மையான வியாதியைக் கண்டுபிடித்தார்கள். நான் பேசுகிறேனாம்.

"உங்க வகுப்புப் பதிவைக் கேட்டேன்" என்றார் சகபயணி, சாவுச் செய்தி சொல்கிற குரலில். "பாதி நேரத்துக்கு மேல நீங்கதான் பேசறீங்க."

"நான்தானே சார் வாத்தியார்?"

"அதுதான் பிரச்சினையே. ஆசிரியர் பேசப்பேச மாணவர் சுருங்கறார். ஆசிரியர் சுருங்கினா மாணவர் விரியறார். நானும் இதைப்பத்தி முப்பது வருஷமா எல்லா நாட்டுலயும் போய்ப் பேசிட்டுத்தான் இருக்கேன்" என்று ஆரம்பித்தவர், மூச்சு விடாமல் முக்கால் மணி நேரம் பேசினார். நான் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வகுப்பில் கிரேன்காரர், "சார், ஃபோர்மேன் இன்டர்வியூல முதல்ல என்னைப் பத்திச் சொல்லச் சொல்வாங்களாம். எப்படி ஆரம்பிக்கறது?" என்று கேட்டார். பதில் நாக்கு நுனியில் நின்றது. முழுங்கிக்கொண்டு, புன்னகையோடு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன்.

"நினைக்கத் தெரிஞ்சா நான் ஏன் சார் மாடியேறி வர்றேன்?" என்றார் அவர்.

நர்ஸ் என் தொண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "சார், டாக்டர்கிட்ட காட்டினீங்களா? எதுவா இருந்தாலும் ஆரம்பத்துலயே பார்த்தா சரியாயிடும்" என்றாள். மறுநாள் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். காவலாளி எப்போதும்போல் வாயே திறக்கவில்லை. என்னிடம் படிக்க வந்த நாளிலிருந்து அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆராய்ச்சி என்று ஒன்று வந்தது. என் வகுப்பில் நான் பேசாமல் இருப்பதை நானே ஆராய வேண்டும். அதற்கு அறநெறிக் குழு அனுமதி தர வேண்டும். மாணவர்களிடமெல்லாம் சம்மதம் வாங்கி அனுப்பினேன்; அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். 'ஒருவர் சம்மதம் விடுபட்டிருக்கிறது' என்று குழு திருப்பி அனுப்பியது.

"யாருங்க அது?" என்று கேட்டேன்.

"நீங்கதான்" என்றார் குழுத் தலைவி. திரையில் அவர் பின்னால் இன்னும் பெரிய அலமாரி. "ஆராய்ச்சியாளரும் நீங்க, ஆராயப்படறவரும் நீங்க. ஆராய்ச்சியாளருக்குன்னு ஒரு அதிகாரம் இருக்கு. அதை வெச்சு நீங்க உங்களைக் கட்டாயப்படுத்தலைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் என்னை எதுக்கும்மா கட்டாயப்படுத்தப் போறேன்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஆராய்ச்சியோட நோக்கத்தை உங்களுக்கு நீங்களே எளிய மொழியில விளக்கணும். யோசிக்க உங்களுக்கு அவகாசம் குடுக்கணும். எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு உங்ககிட்ட சொல்லணும். இதுக்கெல்லாம் உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒரு சாட்சி வேணும்."

என்னை நல்லாத் தெரிந்தவள் ஒருத்திதான். போனில் பெண்டாட்டியைப் பிடித்தேன். அவள் சொல்வதை நான் மொழிபெயர்க்கக் கூடாதாம்; அதுவும் அதிகாரமாம். குழுவே ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டது: இவர் தன்னைத்தானே வற்புறுத்தக் கூடியவரா?

"இவரா? நல்லாக் கேட்டீங்க போங்க! யார் சொன்னாலும் கேக்க மாட்டார். தானே சொன்னாலும் கேக்க மாட்டார்" என்றாள் அவள்.

குழுவுக்குப் பரம திருப்தி. அந்த வாரமே அனுமதி வந்துவிட்டது.

ஆனால் அன்று போனை வைக்கும்முன் அவள், "ஏங்க, நாங்க வர்றதுக்குத்தானே படிக்கிறீங்க? இப்பல்லாம் போன்ல பேசறதே குறைஞ்சுபோச்சு. பாப்பா உங்களைத் தேடறதையே விட்டுட்டா" என்றாள். இன்னும் ஒரே ஒரு கண்டம்தான், அதைத் தாண்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னேன்.

அந்தக் கண்டம், நேரடி மதிப்பீட்டுப் பாடம். மடிக்கணினியை ஒரு ஸ்டூல்மேல் வைத்து, அதற்குள்ளிருந்து சகபயணி பார்ப்பார். பின்பெஞ்சில் மேனேஜரம்மா உட்காருவார். தேறினால் பட்டம். தேறாவிட்டால் அடுத்த வருஷம்தான், பாப்பா இல்லாமல் இன்னொரு வருஷம்.

கட்டுரை எழுதித் தூக்கம் போய், சோறு போய், ஒரு வாரமாகக் காய்ச்சல் வேறு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். போர்டில் தலைப்பை எழுதினேன். எழுத்து ஆடியது. எழுத்துத்தான் ஆடுகிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

மீதியை வீடியோவில்தான் பார்த்தேன். வெட்டிய வாழைபோல் சாய்கிறேன். நாற்காலிகள் சரிகின்றன. நர்ஸ் ஒரே பாய்ச்சலில் வந்து, "தள்ளுங்க! காத்து வரட்டும்! காலைத் தூக்குங்க. தலையை இல்லை, காலை!" என்கிறாள். கிரேன்காரர், "நீ அந்தப் பக்கம் பிடி. நான் சொன்னப்புறம் தூக்கு. மெதுவா... இன்னும் இடது பக்கம்... இறக்கு, இறக்கு!" என்கிறார். வாயே திறக்காத அந்தக் காவலாளி போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, "டயர் கடைக்கு மேல. ஆமா, மாடி. மூச்சு இருக்கு. நல்ல மனுஷன் சார், சீக்கிரம் வாங்க" என்று ஒரு தப்பில்லாமல் பேசுகிறார். அந்த இடத்தை நான் பலமுறை திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மேனேஜரம்மாவும் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "ரெக்கார்டு ஆகுதில்ல?"

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது சகபயணி போன் திரையில் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. சரி, மனுஷன்தானே, இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"என் முப்பது வருஷ அனுபவத்துல இப்படியொரு பாடத்தைப் பார்த்ததில்லை" என்றார். "எவ்வளவு சரியான நேரத்துல ஒதுங்கினீங்க! நின்னுக்கிட்டிருக்கற ஆசிரியர், உக்கார்ந்திருக்கற மாணவர்ங்கற அந்த உயர வித்தியாசத்தை, தரையில படுத்து ஒரே நொடியில உடைச்சிட்டீங்க. நிஜ வாழ்க்கைச் சூழல், நிஜமான அவசரம், எல்லாரும் பேசறாங்க! உச்ச மதிப்பெண் குடுத்திருக்கேன்."

"சார், நான் மயங்கி விழுந்துட்டேன்."

"அடக்கம்! பெரிய ஆசிரியர்கள் எல்லாருமே இப்படித்தான் சொல்வாங்க."

"இல்ல சார், நிஜமாவே—"

"ஒரே ஒரு குறை. ஸ்ட்ரெச்சர்ல ஏத்தும்போது 'தண்ணி'ன்னு ஒரு வார்த்தை பேசிட்டீங்க. தவிர்த்திருக்கலாம்."

சொல்ல வாயெடுத்தேன். உடம்பு சரியில்லாமல் நடந்தது என்று ஒப்புக்கொண்டால் பாடம் செல்லாது. அடுத்த வருஷம்தான். கண்ணை மூடிக்கொண்டேன். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று பழமொழி சொன்னவர் நிச்சயம் முதுகலை படித்தவர் இல்லை.

பட்டம் வந்தது, விசாவும் வந்தது. விமான நிலையத்தில் பாப்பா என்னைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தை எழுதினால் என் பழைய மார்க்கெல்லாம் போய்விடும். விசாவில் மட்டும் ஒரு வால் இருந்தது. அது ஆறு மாசத்துக்கான தற்காலிக விசா. அதற்குள் மனைவியானவள் அதிகாரி முன்னால் இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தாயும் பிள்ளையும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"கவலையை விடுங்க, நம்ம மையத்துலயே இலவசமாச் சேர்த்துக்கறேன்" என்றார் மேனேஜரம்மா.

"நானே சொல்லிக்கொடுத்துக்கறேன் மேடம்."

"நீங்களா? இவ்வளவு படிச்சிட்டு இன்னுமா பாடம் எடுப்பீங்க? நீங்க இப்ப மேற்பார்வையாளர். மேற்பார்வையாளர் யாருக்கும், எங்கேயும் கற்பிக்கக் கூடாது. நடுநிலை போயிடும். தெரிஞ்சா உங்க குடும்பத்துக்கே விசா ரத்து."

என் இடத்துக்கு ஒரு இளைஞன் வந்திருந்தான். அவன் பெண்டாட்டியும் ஊரில் இருந்தாள். அதே படிப்பைத்தான் அவனும் படித்துக்கொண்டிருந்தான். பின்பெஞ்சில் உட்கார்ந்து அவன் எவ்வளவு பேசுகிறான் என்று பார்த்து மார்க் போடுவதுதான் என் வேலை. பேசினால் நான் மார்க்கைக் குறைக்க வேண்டும்.

என் பெண்டாட்டி இரண்டு வாரம் வகுப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஒருநாள் சாயங்காலம் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அந்தத் தம்பிக்குப் பேச்சு வராதா? முகத்தைப் பார்த்தா நல்ல பையனாத்தான் தெரியுது."

"வரும். பேசக் கூடாது."

"யார் சொன்னது?"

"நான்தான்."

தேய்த்த பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "அப்ப நானும் பாப்பாவும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இல்லையா? போய் மறுபடி போன்ல குடும்பம் நடத்துவோம்."

என்ன வந்தாலும் வரட்டும் என்று சமையலறைக் கதவைச் சாத்தினேன். அடுப்பைக் காட்டிப் பேசினேன், ஜன்னலைக் காட்டிப் பேசினேன், அவள் வெங்காயம் நறுக்க நறுக்கப் பேசினேன். அவள் தப்பாகச் சொன்னதைத் திருத்தி, திட்டி, கொஞ்சி, திரும்பச் சொல்லவைத்தேன். அடக்கிவைத்த பேச்செல்லாம் மடை திறந்தாற்போல் வந்தது. ஒரு மாசத்தில் அவள் என்னோடு இங்கிலீஷிலேயே சண்டை போட்டாள். அதில் நான் தோற்றேன். என்ன ஆனந்தம்!

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. முதலில் நர்ஸ் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே பாடம் கேட்க வந்தாள். அப்புறம் கிரேன்காரர் சொந்தமாக நாற்காலியே கொண்டுவந்தார். காவலாளி வாசலில் நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே பாடம் கேட்டார். கடைசியில் அந்த இளைஞனும் வந்து தயங்கி நின்றான். "சார், நானும் ஓரமா உக்காரலாமா? பேசாம இருந்து இருந்து, எப்படிப் பாடம் எடுக்கறதுன்னே மறந்துபோச்சு" என்றான். பாவமாக இருந்தது. உட்கார்த்திவைத்தேன்.

அந்தப் பருவத்தில் மையத்தில் எல்லாரும் பாஸ். சகபயணி பூரித்துப்போய், இந்த மௌன முறையின் வெற்றியைப் பற்றி ஒரு மாநாட்டில் ஒரு மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்.

பெண்டாட்டிக்கு நேர்காணல் நாள் வந்தது. நானும் பாப்பாவும் வெளியே நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் சிரித்துக்கொண்டே வந்து பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டினாள். நிரந்தர முத்திரை, மை இன்னும் காயவில்லை. பாப்பாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"என்னல்லாம் கேட்டாங்க?"

"என்னென்னமோ கேட்டாங்க. கடைசியா, இவ்வளவு சரளமாப் பேசறீங்களே, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு கேட்டாங்க."

தூக்கிவாரிப் போட்டது. "நீ என்ன சொன்னே?"

"யாரும் சொல்லித்தரலை, நானாக் கத்துக்கிட்டேன்னு சொன்னேன். அதிகாரி எழுந்து நின்னு கைகுடுத்தாரு. உங்க மையத்து முறையைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்காராம்."

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? கெட்டிக்காரி. பெண்டாட்டியும் பிள்ளையும் இனி என்னோடுதான், வேறென்ன வேண்டும் என்று சிரித்தேன். பிறகு பாஸ்போர்ட்டை வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன். என் ஆயுசில் உயிரைக் கொடுத்து எடுத்த பாடம் அது. அதை நான் எடுக்கவே இல்லை என்றுதான் அந்த முத்திரையைக் குத்தியிருந்தார்கள்.